குழந்தையின் இதய அறுவை சிகிச்சையும் மணிக்கட்டுப் புள்ளியும்: அக்குபஞ்சர் ஆய்வுகளை எதுவரை நம்பலாம்?

சீனாவின் சியான் நகரில் ஷிஜிங் மருத்துவமனை என்று ஒரு பெரிய ராணுவ மருத்துவமனை இருக்கிறது. அதன் மயக்கவியல் துறையினர் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறவியிலேயே இதயக் குறையோடு அறுவை சிகிச்சைக்கு வந்த 70 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும், இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே மின் ஒட்டிகளை ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுத்தார்கள். ஊசி குத்தவில்லை. அக்குபஞ்சர் புள்ளியைத் தோலின் மேலிருந்தே தூண்டும் முறை இது. அறுவைக்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, தூண்டல் பெற்ற குழந்தைகளுக்கு ட்ரோபோனின் அளவு மற்றவர்களை விடக் குறைவாக ஏறியிருந்தது.

ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை செல் சேதமானால் அது ரத்தத்தில் கசியும். நெஞ்சுவலி என்று போனால் அவசரப் பிரிவில் முதலில் எடுக்கும் பரிசோதனையும் இதுதான். அது குறைவாக ஏறியது என்றால் இதயத் தசை குறைவாக அடிபட்டது என்று பொருள் கொள்வது இயல்பு. அக்குபஞ்சர் குழந்தைகளின் இதயத்தைக் காக்கிறது என்ற பேச்சுக்கு வலுவான ஆதாரமாகக் காட்டப்படுவது இப்படிப்பட்ட ஆய்வுகள்தான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளுவதும் தவறு, மருத்துவம் கண்டுகொண்ட அதிசயம் என்று கொண்டாடுவதும் தவறு என்பது என் எண்ணம். ஏன் என்று பார்க்க, அறுவை அரங்கில் குழந்தையின் இதயத்துக்கு என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தைத் திறந்து அதை அடைக்க முடியாது. நடுநெஞ்செலும்பைப் பிளந்து, உடலிலிருந்து இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தைக் குழாய் வழியே வெளியே இழுத்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உடலுக்குள் செலுத்துவார்கள். பிறகு பெருந்தமனியை ஒரு கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். அந்த நொடியிலிருந்து இதயத் தசைக்கு ரத்தம் கிடையாது. பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலை இதயத்தின் ரத்தக் குழாய்களுக்குள் செலுத்தியதும் துடிப்பு தளர்ந்து, மானிட்டரில் கோடு நேராகிவிடும். இனி அறுவை மருத்துவருக்கு அசையாத, ரத்தமில்லாத இடம் கிடைக்கும். குறையின் சிக்கலைப் பொறுத்து இது அரை மணி நேரத்தில் முடியலாம், இரண்டு மணி நேரத்தையும் தாண்டலாம்.

சேதத்தில் கணிசமான பங்கு நடப்பது கிளாம்பை எடுக்கும்போது. பட்டினி கிடந்த தசைக்குள் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் ஒரேயடியாகப் பாய்கிறது. ஆக்சிஜனின் வீரியமான கூறுகள் உருவாகி செல் சவ்வுகளைத் தாக்குகின்றன. கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாக நுழைகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளைகள் திறந்து, செல்லின் எரிசக்தி உற்பத்தியே நின்றுபோகலாம். இயந்திரத்தின் குழாய்களைத் தொட்டு வந்த ரத்தம் உடல் முழுக்க அழற்சியைக் கிளப்பி விடுவது இன்னொரு பக்கம். ரத்தத்தை நிறுத்துவது எவ்வளவு ஆபத்தோ, அதைத் திருப்பித் தருவதும் அவ்வளவு ஆபத்து.

குழந்தையின் இதயம் பெரியவர்களுடைய இதயத்தின் சிறிய பிரதி அல்ல. பிறந்த குழந்தையின் தசை செல்லுக்குள் கால்சியத்தைச் சேமித்து விடுவிக்கும் அமைப்பு முழுதாக வளர்ந்திருக்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து வரும் கால்சியத்தையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. பிறந்ததிலிருந்து உதடும் நகமும் நீலம் பாய்ந்தே இருக்கும் குழந்தைகளின் நிலை இன்னும் நுட்பமானது. குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிப்போன அந்தத் தசை, இயந்திரம் திடீரென்று ஆக்சிஜனை ஏற்றும்போது அதைத் தாங்கத் திணறும். அதனால்தான் ஓட்டையைக் கச்சிதமாக அடைத்து முடித்த பிறகும் பெற்றோரிடம் "இன்று ராத்திரி தாண்டட்டும்" என்கிறார்கள். அறுவை முடிந்து 6 முதல் 18 மணி நேரத்துக்குள் இதயத்தின் இறைக்கும் திறன் சரிவது பச்சிளம் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினருக்கு நேர்வதாக 1990-களின் பாஸ்டன் ஆய்வுகள் காட்டின.

இந்த ராத்திரியைக் கடக்க வைக்க மருத்துவம் எடுத்த முயற்சிகளின் வரலாறு உருக்கமானது. ஜான் கிப்பன் 1953 மே மாதம் ஃபிலடெல்பியாவில் இதய-நுரையீரல் இயந்திரத்தை முதன்முதலாக வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அடுத்து அவர் செய்த அறுவைகளில் குழந்தைகள் பிழைக்கவில்லை. மனம் உடைந்து அதைக் கைவிட்டார். 1954-ல் மின்னசோட்டாவில் வால்டன் லில்லஹை இயந்திரத்தை நம்பாமல் பெற்றோரை நம்பினார். குழந்தையின் ரத்தக் குழாய்களைத் தந்தையின் அல்லது தாயின் ரத்தக் குழாய்களோடு இணைத்து, பெற்றவரின் இதயமும் நுரையீரலுமே இருவருக்கும் வேலை செய்யும்படி வைத்துவிட்டு, குழந்தையின் இதயத்தைத் திறந்தார். இப்படி 45 பேருக்கு அறுவை நடந்தது. பக்கத்து மேசையில் தானும் படுக்கச் சம்மதித்த அந்தப் பெற்றோர்களை நினைத்தால், இந்தத் துறையில் யார் எந்தப் புது வழியைச் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றே தோன்றுகிறது. கேட்டபின் சோதிக்கவும் வேண்டும்.

சியானில் தூண்டியதாகச் சொல்லும் புள்ளிக்கு வருவோம். நெய்குவான் என்பது அதன் சீனப் பெயர். பெரிகார்டியம் 6 என்று எண்ணிட்டும் சொல்வார்கள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, மணிக்கட்டின் ரேகைக்கு மேல் அவரவர் விரல் மூன்றை ஒட்டி வைத்தால் வரும் இடம். முஷ்டியை மடக்கிக் கையை லேசாக வளைத்தால் அங்கே இரண்டு தசைநாண்கள் புடைத்துத் தெரியும். (சிலருக்கு ஒன்றுதான் தெரியும், பிறவியிலேயே மற்றது இல்லாதவர்கள் நிறையப் பேர், அதனால் கைக்கு எந்தக் குறையும் இல்லை.) அந்த இரண்டுக்கும் நடுவில் நெய்குவான். அதற்கு நேர் கீழே ஓடுவது கையின் நடுநரம்பு. கணினி முன்னால் உட்கார்ந்து விரல் மரத்துப்போகிறது என்பவர்களுக்கு மணிக்கட்டில் நசுங்குகிற அதே நரம்பு.

இந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு நல்ல பெயர் உண்டு. அறுவைக்குப் பிறகு வரும் குமட்டல், வாந்திக்கு இந்தப் புள்ளியைத் தூண்டினால் பலன் உண்டா என்று 59 ஆய்வுகளையும் 7,667 நோயாளிகளையும் சேர்த்து 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று ஆராய்ந்தது. போலித் தூண்டலோடு ஒப்பிடுகையில் குமட்டலும் வாந்தியும் குறைந்தன என்பது அதன் முடிவு. ஆக, மணிக்கட்டைத் தூண்டினால் உடலில் ஒன்றுமே நடக்காது என்று சொல்ல முடியாது.

என்ன நடக்கிறது? உயிராற்றல் ஓடும் பாதை என்ற பழைய விளக்கம் இதற்குத் தேவைப்படவில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜான் லாங்ஹர்ஸ்டின் குழு பல ஆண்டுகள் விலங்குகளில் ஆராய்ந்து ஒரு நரம்புப் பாதையை வரைந்து காட்டியது. நடுநரம்பில் மெல்லிய மின்துடிப்பு கொடுத்தால் செய்தி மூளைத்தண்டு வரை போகிறது; அங்கே உடலே சுரக்கும் ஓபியாய்டு வேதிப்பொருள்கள் வெளிப்பட்டு, இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் முடுக்கிவிடும் நரம்புகளின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. ஹார்வர்டில் சியூஃபு மாவின் குழு 2021-ல் எலிகளில் இன்னொன்றைக் காட்டியது. பின்னங்காலின் ஒரு புள்ளியைக் குறைந்த மின்சாரத்தில் தூண்டினால் மூளையிலிருந்து உள்ளுறுப்புகளுக்கு ஓடும் வேகஸ் நரம்பு வழியாக அட்ரினல் சுரப்பி விழித்து அழற்சி தணிகிறது. அந்த இடத்தில் குறிப்பிட்ட வகை உணர்வு நரம்புகள் இருப்பதே காரணம். வயிற்றுப் பகுதியைத் தூண்டினால் இந்தப் பாதை இயங்கவில்லை. இவை ஆய்வகச் சான்றுகள், கவனமாகச் செய்யப்பட்டவை. அழற்சியைத் தணிக்கவும் இதயத்தின் பதற்றத்தைக் குறைக்கவும் நரம்பு வழியாக ஒரு வாசல் இருக்கக்கூடும் என்ற அளவுக்கு இவற்றை நம்பலாம்.

இதே ஷிஜிங் குழு 2010-ல் பெரியவர்களிடமும் சோதித்திருந்தது. இதய வால்வு மாற்று அறுவைக்கு வந்த 60 பேரில் ஒரு பாதிக்கு, அறுவைக்கு முந்தைய ஐந்து நாள்களும் தினம் அரை மணி நேரம் ஊசி வழியே மின்தூண்டல். அவர்களுக்கும் ட்ரோபோனின் குறைவாகவே ஏறியது, ஐ.சி.யூ.வில் இருந்த காலமும் குறைந்ததாகச் சொன்னார்கள். குழந்தைக்கு ஐந்து நாள் ஊசி குத்துவது கொடுமை என்பதால் தோல் ஒட்டி முறை பொருத்தமானது. அதில் ஆய்வு நோக்கில் ஒரு நன்மையும் உண்டு. வலி ஆய்வுகளில் அக்குபஞ்சரைத் துரத்தும் கேள்வி, நோயாளியின் நம்பிக்கையே பலனாகத் தெரிகிறதா என்பது. மயங்கிக் கிடக்கும் கைக்குழந்தைக்கு எதிர்பார்ப்பு கிடையாது. ட்ரோபோனினுக்கும் கிடையாது.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் என்னால் இதைப் பரிந்துரைக்க முடியவில்லை. காரணம் அக்குபஞ்சர் மேல் இருக்கும் சந்தேகம் இல்லை. இதே பாதையில் நடந்து பள்ளத்தில் விழுந்த மற்ற முறைகளின் கதை.

ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1986-ல் நாய்களிடம் ஒரு சோதனை நடந்தது. இதயத்தின் ரத்தக் குழாயை ஐந்து நிமிடம் அடைத்துத் திறப்பது, இப்படி நான்கு முறை. பிறகு 40 நிமிடம் அடைப்பது. முன்கூட்டி இப்படிப் பழக்கிய இதயங்களில் செத்த தசையின் அளவு, பழக்காதவற்றில் இருந்ததில் கால் பங்குதான். இதயத்தைத் தொடாமல் வேறு உறுப்பில் ரத்தத்தைத் தடுத்தாலும் இதே காப்பு கிடைக்கிறது என்று பின்னர் தெரிந்தது. 2006-ல் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனை இதைக் குழந்தைகளிடம் கொண்டு வந்தது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைத் தொடையில் கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கி, ஐந்து நிமிடம் தளர்த்தி, நான்கு முறை. 37 குழந்தைகள். ட்ரோபோனின் குறைந்தது. மருந்து இல்லை, செலவு இல்லை, பக்கவிளைவு இல்லை. மணிக்கட்டு ஒட்டியைப் பற்றி இன்று சொல்லப்படும் ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அன்று அந்தப் பட்டைக்குச் சொல்லப்பட்டது.

பிறகு பெரிய ஆய்வுகள் வந்தன. அதே டொரன்டோவிலிருந்து 2014-ல் 299 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. 2015-ல் பெரியவர்களிடம் பிரிட்டனில் 1,612 பேரும் ஜெர்மனியில் சுமார் 1,400 பேரும் பங்கேற்ற இரண்டு ஆய்வுகள் ஒரே நாளில் வெளியாயின. மரணம், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு எதிலும் பயன் இல்லை.

நைட்ரிக் ஆக்சைடு வாயுவின் கதை இன்னும் வலிக்கிறது. இதய-நுரையீரல் இயந்திரத்துக்குப் போகும் ஆக்சிஜனோடு இந்த வாயுவைக் கலந்தால் இதயத் தசை காக்கப்படும் என்று 2013-ல் 16 குழந்தைகளிடம் காட்டினார்கள். அதிலும் ட்ரோபோனின் குறைந்தது. 2016-ல் மெல்பர்னில் 198 குழந்தைகள். வாயு கிடைத்தவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான் இதயத்தின் இறைப்புத்திறன் சரிந்தது, கிடைக்காதவர்களில் 31 சதவீதம். கிட்டத்தட்ட பாதி. எந்த மருத்துவருக்கும் நாளைக்கே தொடங்கிவிடலாம் என்று கை பரபரக்கும் முடிவு இது. நல்லவேளையாக அந்தத் துறையினர் நிதானித்தார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து மருத்துவமனைகள் சேர்ந்து இரண்டு வயதுக்கு உட்பட்ட 1,371 குழந்தைகளிடம் சோதித்து 2022-ல் முடிவை வெளியிட்டன. வென்டிலேட்டர் இல்லாமல் கழித்த நாள்களில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 1,200 பச்சிளம் குழந்தைகளிடம் ஸ்டீராய்டு மருந்தைச் சோதித்தபோதும் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. அழற்சியைத் தணித்தால் குழந்தை பிழைக்கும் என்பது கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஸ்டீராய்டை விட வலுவாக அழற்சியைத் தணிப்பது மணிக்கட்டு ஒட்டியால் நடக்கிற காரியமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிறிய ஆய்வுகள் ஏன் ஏமாற்றுகின்றன? 70 பேரில் ஒரு குழுவுக்கு எளிய ஓட்டைகளும் மறு குழுவுக்குச் சிக்கலான குறைகளும் தற்செயலாகச் சற்றுக் கூடுதலாக விழுந்தாலே போதும். கீழறையின் தசையை வெட்டித் திறக்கும் அறுவையில், இதயக் காப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ட்ரோபோனின் ஏறும். மேலறை ஓட்டையைத் தைத்தால் அவ்வளவு ஏறாது. கிளாம்ப் பத்து நிமிடம் நீண்டால் ஏறும். குழந்தையின் வயதுக்கேற்ப மாறும். இத்தனையும் சமமாகப் பங்கிடப்பட நூற்றுக்கணக்கில் குழந்தைகள் வேண்டும். அக்குபஞ்சருக்கு இன்னொரு சுமையும் சேர்கிறது. 1998-ல் பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆண்ட்ரூ விக்கர்ஸும் குழுவினரும் நாடுவாரியாகப் பார்த்தபோது, சீனா, ஜப்பான், ஹாங்காங், தைவானிலிருந்து வந்த அக்குபஞ்சர் ஆய்வுகள் ஒன்றுவிடாமல் பலன் உண்டு என்றே முடிந்திருந்தன. எல்லாத் தேர்விலும் எல்லோரும் பாஸ் என்றால் விடைத்தாள் திருத்தியவரைத்தான் பார்க்க வேண்டும். தோல்வியடைந்த ஆய்வுகள் அச்சேறாமல் போயிருக்கும் என்பதே பொதுவான ஊகம். ஷிஜிங் ஆய்வாளர்கள் நேர்மையற்றவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுடைய முடிவை வேறொரு நாட்டில், வேறொரு மருத்துவமனை, அதே முறையில் செய்து பார்த்தால் அவர்களுக்கே அது பெரிய பலம்.

அக்குபஞ்சரும் அறுவை சிகிச்சையும் சேரும்போது கதை பெருகுவது புதிதும் இல்லை. 1971-ல் நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டு அதைப் பற்றி எழுதினார். அவர் அக்குபஞ்சரில் மட்டுமே அறுவை செய்துகொண்டார் என்று உலகம் இன்றும் நம்புகிறது. அவர் எழுதியதோ வேறு. வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் அறுவை நடந்தது. மறுநாள் வயிற்று உப்புசத்துக்குத்தான் அக்குபஞ்சர்.

வெற்றி எப்படி இருக்கும் என்பதற்கும் இந்தத் துறையிலேயே மாதிரி இருக்கிறது. மில்ரினோன் என்ற மருந்தை இதய அறுவைக்குப் பின் 238 குழந்தைகளிடம் சோதித்து 2003-ல் முடிவு வந்தது. போலி மருந்து பெற்றவர்களில் 25.9 சதவீதத்தினருக்கு இறைப்புத்திறன் சரிந்தது. உயர் அளவு மில்ரினோன் பெற்றவர்களில் 11.7 சதவீதம். பல மருத்துவமனைகள், போலி மருந்தோடு ஒப்பீடு, யாருக்கு எது என்று சிகிச்சை தருபவருக்கும் தெரியாத ஏற்பாடு, ரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்க்காமல் குழந்தையின் நிலையையே பார்த்த அளவுகோல். இன்று குழந்தைகள் இதய ஐ.சி.யூ.க்களில் மில்ரினோன் ஓடுவது சாதாரணக் காட்சி.

மணிக்கட்டுத் தூண்டலையும் இப்படிச் சோதிக்க முடியும், அதுவும் சுலபமாக. எல்லாக் குழந்தைகளுக்கும் மயக்கம் கொடுத்த பிறகு ஒட்டியை ஒட்டிவிடலாம். பாதிப் பேருக்கு மட்டும் மின்சாரம் போகும், பெட்டியைத் துணியால் மூடிவிட்டால் அறுவை மருத்துவருக்கோ ஐ.சி.யூ. செவிலியருக்கோ எது யார் என்று தெரியாது. மூன்றாவது குழுவுக்கு நடுநரம்புக்கு அப்பால் கையின் வேறு இடத்தில் தூண்டினால், பலன் புள்ளியினுடையதா, நரம்பினுடையதா, வெறும் மின்சாரத்தினுடையதா என்பதும் தெரிந்துவிடும். வென்டிலேட்டரிலிருந்து எப்போது எடுத்தார்கள், இதயத்தைத் தாங்கும் மருந்துகள் எவ்வளவு தேவைப்பட்டன, எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்பவை அளவுகோல்கள். ட்ரோபோனினை உடன் பார்த்துக்கொள்ளலாம். ஒட்டிக்கும் கருவிக்கும் ஆகும் செலவு சொற்பம். ஏழை நாடுகளின் மருத்துவமனைகளே சேர்ந்து நடத்தக்கூடிய ஆய்வு இது. காப்புரிமை எடுக்க ஏதும் இல்லாத முறைக்குக் கம்பெனிகள் பணம் போடாது என்பதால் பொதுப் பணத்தில்தான் நடக்க வேண்டும். நடக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன்.

தமிழ் வாசகர்களுக்காக ஒன்றைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊரில் அக்குபஞ்சர் என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு புள்ளியைத் தொட்டு, மாத்திரைகளை நிறுத்தச் சொல்லும் முறை. சியானில் நடந்தது அது இல்லை. அந்த 70 குழந்தைகளுக்கும் அறுவை நடந்தது, இதய-நுரையீரல் இயந்திரம் ஓடியது, மயக்க மருந்தும் மற்ற மருந்துகளும் முழுமையாகக் கொடுக்கப்பட்டன. மின்துடிப்பு அவற்றோடு கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவே. இதய ஓட்டையை அக்குபஞ்சரால் மூடலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. கீழறையில் பெரிய ஓட்டையோடு இருக்கும் குழந்தைக்கு அறுவையைத் தள்ளிப்போட்டால், அதிக அழுத்தத்தில் பாயும் ரத்தம் நுரையீரலின் ரத்தக் குழாய்களைத் தடிக்கச் செய்துகொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த மாற்றம் திரும்பாது. அதற்குப் பிறகு ஓட்டையை மூடினால் குழந்தை தாங்காது என்று சொல்லி மருத்துவர்களே அறுவையை மறுத்துவிடுவார்கள்.